கழித்தல் கணக்கு

மூன்று மணிக்குக் கூட்டம்.
விடிய விடியப் பசை அளைந்த கையைத்
தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போனேன்.
ஆனாலும் வருகைப் பதிவேட்டில்
கையெழுத்துப் போட்ட பேனா
விரலை விட்டு வர யோசித்தது.

செல்லூர், மாநகராட்சித் தொடக்கப்பள்ளி,
மூன்றாம் வகுப்பு.
பிள்ளைகளின் பெஞ்சில் பெற்றவர்கள்.
முழங்காலை வைக்க இடமில்லை.
ஜெசிந்தா டீச்சர்
புகாருக்கு ஆளான கணக்கைப்
பலகையில் அழிக்காமல் வைத்திருந்தார்:

வில்லனுக்கு அடியாட்கள் பதினேழு பேர்.
ஹீரோ ஒன்பது பேரை அடித்துப் போட்டார்.
மீதி எத்தனை பேர்?

சாயப்பட்டறை துளசிராம்தான் முதலில் எழுந்தார்.
"வீட்டுல டிவிய அமத்தி வச்சிருக்கோம் டீச்சர்.
நீங்க இங்க போட்டு விடுறீங்க.
மாம்பழத்தக் கழிச்சாக் கழியாதா?"

ஒச்சம்மாள் எழவில்லை.
"மாம்பழம் கிலோ நூத்தி இருவது.
பதினேழு மாம்பழத்த மொத்தமா
எம்மகன் எங்க பாத்தான்?
அடியாளுன்னா தெருவுல நாலு பேரத் தெரியும் அவனுக்கு."
எல்லாரும் சிரித்தார்கள்.
டீச்சரும் சிரித்துவிட்டு
உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

ரஹ்மத் நிஷாவுக்கு வருத்தம் வேறு.
"அந்தக் கார்ட்டூன் பையன்
அம்மாவ எதுத்து எதுத்துப் பேசுறான்.
அவன் மூஞ்சி போட்ட நோட்டுலதான்
'பெரியோரை மதிப்போம்' எழுதியிருக்கா எம்மக."

பின் பெஞ்சிலிருந்து ஒருவர்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"எந்த ஹீரோன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?
இன்டர்வெல்ல பிள்ளைங்க
ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு
எங்க ஆளுதான் அடிச்சாருன்னு
சட்டையக் கிழிச்சிட்டு வந்திருக்கு."

"பேரு சொன்னாத் தப்புன்னுதான் சார் சொல்லல."
டீச்சரின் குரல் இறங்கியது.
"கடன் வாங்கிக் கழிக்கிறது
பத்து நாளா யாருக்கும் ஏறல.
அன்னைக்கு ஒரு நாள் இருவத்திரண்டு பேர்
சரியாப் போட்டாங்க.
சரி, நாளைலருந்து மாம்பழமே போடுறேன்."

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
என் தொழில் ஊருக்கே தெரியும்.

இந்தப் பள்ளியின் வெளிச்சுவரில்
'விளம்பரம் செய்யாதே' என்று எழுதியிருக்கும்.
வியாழன் ராத்திரி நான் வந்து போனால்
'விளம்பரம் செய்' வரைக்கும்தான் தெரியும்.
மிச்சம் விழுந்த போஸ்டர்தான்
என் மகள் கனிஷ்காவின் புத்தகங்களுக்கு அட்டை:
கணக்குக்கு அரைக் கண்ணும் மீசையும்,
அறிவியலுக்கு ஒரு முஷ்டி,
தமிழுக்குத் தேதியும் தியேட்டர் பெயர்களும்.
இதில் நான் எந்தப் பக்கம் நின்று பேசுவது?
எழுந்தேன்.
பெஞ்சும் கூடவே எழுந்தது.
உட்கார்ந்துவிட்டேன்.

கலையும்போது நோட்டுகளைக் கொடுத்தார்கள்.
பதினேழில் ஒன்பது போக எட்டு.
சிவப்பு மையில் சரி.
அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே,
பென்சிலில் கனிஷ்கா எழுதியிருந்தாள்:

கீழே கிடப்பவர்கள் ஒன்பது பேர்.
ஒரு ஆட்டோவில் மூன்று பேர்.
பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ மூன்று.

பக்கத்தில் டீச்சர் குறித்திருந்தார்:
'வகுத்தல் இன்னும் நடத்தவில்லை.'

ராத்திரி ஒன்றரை மணி, கோரிப்பாளையம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
நாளைக்கு வரும் படத்தை விரித்துப் பசை தடவினேன்.
நடுவில் அவர், ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு.
காலடியில், தடுக்கிற கையும் திறந்த வாயுமாய்
சின்னச் சின்ன ஆட்கள்.
பதினோரு வருடமாக ஒட்டுகிறேன்,
நீவிவிடும்போது கட்டை பிரஷ்
அவர்கள் மேல் ஏறித்தான் போகும்.
இன்றைக்கு எண்ணினேன்.
ஏழு பேர்.
இரண்டு ஆட்டோ போக
ஒருத்தன் மீதி.

அவனை என் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம்,
பசை வாளியை இறக்கி வைத்தால்.